பிழை செய்யாத மெஷின்

எங்கள் பழைய அலுவலகக்காரர்களின் வாட்சப் குழுவில் ஒரு மாதமாக என்னைப் போட்டு அரிக்கிறார்கள். "உலகம்மா சேச்சி, மகாதேவன் சாரோட ரூம் போட்டோ கண்டீங்களா? நல்ல ரசமாட்டு இருக்கு. நம்ம செக்‌ஷன் தொடங்கின காலத்தைப் பத்தி நல்ல ஓர்மைகள் நாலு எழுதுங்க, கேட்டோ" என்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் நான் ஓய்வுபெறும் நேரத்தில் வேலைக்கு வந்தவர்கள்.

போட்டோவை நானும் பார்த்தேன். வயிற்றுக்குள் நீல விளக்கு எரியும் ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்னால் சட்டம் போட்ட சினிமா போஸ்டர்கள், நடுவில் ஜிப்பா அணிந்து சிரிக்கும் சார். கீழே ஆளாளுக்கு இதயம் போட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் நல்ல நினைவு மட்டும்தான் வேண்டும் என்றால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள் போய்வந்த நாளிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருப்பதைத்தான் என்னால் எழுத முடியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் உலகம்மை. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரு வத்தல் கடையில் எடை போட்டவர். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஸ்டெபிலைசரும் டைப்ரைட்டரும் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் திருப்புளி பிடித்தேன். பிறகு நகரத்தின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் செக்‌ஷனில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். அந்த செக்‌ஷனின் முதல் தலைவர்தான் மகாதேவன் சார்.

சென்ற மழைக்காலம் முடிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. "உலகம், நான் மகாதேவனாக்கும். ஆத்து மாடியிலே ஒரு ரூம் ரெடி பண்ணிண்டிருக்கேன். பழைய சினிமா போஸ்டர், பழைய கம்ப்யூட்டர், அப்படி ஒரு ரூம். நம்ம பழைய மெஷின் ஒண்ணு ஏலத்திலே கெடச்சிருக்கு. ஓட மாட்டேங்கறது. ஒன்னை விட்டா அதைத் தொட ஆளில்லை."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் காலையில் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு சாஸ்தமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

மாடி அறை பெரியது. ஒரு சுவர் முழுக்கப் போஸ்டர்கள். இடித்துப்போட்ட ஒரு சினிமா கொட்டகையின் மேனேஜர் வீட்டுப் பரணிலிருந்து மொத்தமாக வாங்கினாராம். செல்லரித்த ஓரங்களுக்குப் பின்னால் மெல்லிய காகிதம் ஒட்டி, கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு வைத்திருந்தார். கத்தி பிடித்த நாயகன், கண்ணீர் வழியும் நாயகி, மூன்று நிறத்தில் ஒரு பாம்பு. தச்சர் ஏணியில் நின்று ரசமட்டம் வைத்துப் பார்க்க, "இடது பக்கம் ஒரு நூல் ஏத்து" என்று சார் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றச் சுவரை ஒட்டி மேஜைகள். டிவியோடு இணைக்கும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மூன்று, உள்ளங்கை அகல ஃபிளாப்பிகள், ஓட்டைபோட்ட காகிதம் தொங்கும் ஒரு பிரிண்டர். மஞ்சள் பாய்ந்துபோன பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பெராக்சைடு பூசி, பாலிதீன் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைத்திருந்தார். "பழசு பழசா இருக்கணும் உலகம். ஆனா அழுக்கா இருக்கப்படாது" என்றார்.

நடுவில், தனியாக ஒரு மேடைமேல், எங்கள் மெஷின் இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று என்ற எண். அதை எழுதியவள் நான்தான். ஹாலில் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களில் முதலாவது, சாருடைய கேபினை ஒட்டி இருந்தது. அதன் காலடியில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார். ஆங்கிலத்தில் பொறித்திருந்ததன் பொருள் இதுதான்: 'பிழை செய்யாத மெஷின். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகள் இதன் வழியே சென்றன. ஒரு தவறும் நேர்ந்ததில்லை.'

இரண்டு தடவை படித்தேன். சார் போஸ்டர் பக்கம் திரும்பி நின்றார். மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் கை தானாக வேலையைத் தேடும்.

இத்தனை வருஷம் உறங்கிய கம்ப்யூட்டரை நேராக கரண்டில் செருகக் கூடாது. முதலில் உள்ளே இருக்கும் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அது கசிந்து போர்டில் பச்சையாகப் படர்ந்திருந்தது. அதை வெட்டியெடுத்து, வினிகர் தொட்ட பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். அடுத்து பவர் சப்ளை. தலை உப்பிய கப்பாசிட்டர்கள் இரண்டை மாற்றினேன். பிறகு ஒரு குண்டு பல்பை நடுவில் இணைத்து, அதன் வழியாக மட்டுமே கரண்டை விட வேண்டும். உள்ளே ஏதாவது பிசகியிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒருமுறை கண்ணைத் திறந்து மங்கியது. விசிறி சுற்றியது. நல்ல அடையாளம்.

அப்போதுதான் மூலையில் அந்த வயரைப் பார்த்தேன். மெஷினின் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் வயர், போர்டிலிருந்து பிடுங்கி, மடித்து, நீல நூலால் கட்டப்பட்டிருந்தது. கட்டியது என் கை. முப்பது வருஷமாக அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.

அந்த வயர் ஏன் பிடுங்கப்பட்டது என்று சொல்ல, சார் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் ஹாலுக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது, டாக்டரானாலும் கூடாது. தப்புச் செய்தவரைத் திட்டமாட்டார். அவர் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "ஒண்ணும் இல்லே, போ" என்பார். அந்தக் கால் மணி நேரம் போதும். அவர் நம்பியது ஒன்றைத்தான்: மெஷின் தப்புச் செய்யாது, ஆள்தான் தப்புச் செய்வான்.

பரிசோதனை முடிவுகளை டைப் செய்து ஏற்றுவது ஹாலில் இருந்த பெண்களின் வேலை. நோயாளியின் எண் ஆறு இலக்கம். ஆறையும் அடித்ததும் கம்ப்யூட்டர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். அந்தக் கட்டத்தில் எழுத்துதான் ஏறும், எண் ஏறாது. தவறி ஓர் எண் கூடுதலாக விழுந்தால் மெஷின் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டு எச்சரிக்கும். டைப் செய்பவர்கள் கண்ணைக் காகிதத்தில்தான் வைத்திருப்பார்கள். திரையைப் பார்க்க அவகாசம் கிடையாது. காதில் விழும் அந்தச் சத்தம் ஒன்றுதான் அவர்களுக்குக் காவல்.

ஒன்றாம் நம்பர் மெஷினுக்கும் சாருடைய நாற்காலிக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கீ கீ சத்தம் எனக்குத் தலைவேதனையா இருக்கு. நிறுத்து."

"சார், அது வார்னிங். தப்பா அடிச்சா..."

"டைப்பிங் அறியற பெண்ணுக்கு வார்னிங் எதுக்கு? நிறுத்திட்டு வா."

நான் வேலையில் நிரந்தரமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. போய் மூடியைத் திறந்து வயரைப் பிடுங்கி, மற்ற வயர்களில் சிக்காமல் இருக்க நூலால் கட்டினேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்று அன்றைக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஜெயராணி வந்தாள். ஒன்றாம் நம்பர் மெஷினில் தற்காலிக வேலை. அவள் அப்பா சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குபவர். இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ வயது, விரல் ஓடினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். சினிமா என்றால் உயிர். தன் ரிஜிஸ்டருக்கு ஒரு பழைய போஸ்டரை மடித்து அட்டை போட்டிருந்தாள். சார் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் கண் முன்னாலேயே அட்டையைக் கிழித்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு ரிஜிஸ்டரை அவள் கையில் மரியாதையாகக் கொடுத்தார். அதே மனிதர்தான் இன்று போஸ்டருக்குத் தலைக்குத் தலை விளக்கு வைத்து "நம்ம காலம்" என்கிறார். யாருடைய காலம் என்று கேட்க நாக்கு துடிக்கிறது.

அந்த வருஷம் விழிஞ்ஞத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருத்தி அறுவை சிகிச்சைக்காக வார்டில் இருந்தாள். வாயில் புற்று என்று கம்ப்யூட்டர் தாளில் வந்திருந்தது. அவளோ, சோதனைக்குச் சதை எடுத்த இடம் எப்போதோ ஆறிவிட்டது, எனக்கு ஒன்றும் இல்லை, கத்தி வைக்க விடமாட்டேன் என்று வார்டையே கிடுகிடுக்க வைத்தாள். சர்ஜன் நல்ல மனிதர். சந்தேகப்பட்டு மூல ரிப்போர்ட்டை லேபிலிருந்து வரவழைத்துப் பார்த்தார். அவளுக்கு நோய் இல்லை. வேறு யாருடைய முடிவோ அவள் எண்ணில் ஏறியிருந்தது.

அந்தத் தாளில் ஜெயராணியின் கையொப்பம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டு மேஜை டிராயர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பினார்கள். விசாரணை கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. நடையில் என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, நான் ஒரு தடவதான் அடிச்சேன். சத்தியமாட்டு ஒரு தடவதான் அடிச்சேன்."

எனக்கு அவள் விரல்களைத் தெரியும். கீபோர்டைக் கழற்றி என் மேஜைக்குக் கொண்டுபோனேன். எந்த விசையை அழுத்தினால் எத்தனை தடவை பதிகிறது என்று காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஒவ்வொரு விசையையும் நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் நூறு. ஆறு மட்டும் நூற்று ஏழு. ஏஸியின் ஈரத்தில் அதன் கீழிருந்த தகடு களிம்பேறி, சில சமயம் ஒரு அழுத்தலுக்கு இரண்டு தடவை தொட்டது. 468203 என்று அடித்தால் 466820 என்று ஏறிவிடும். கடைசியில் இருக்கும் 3 என்ற எண் இடமில்லாமல் அடுத்த கட்டத்தில் போய் முட்டும். மெஷின் கத்தியிருக்கும், கத்த விட்டிருந்தால்.

மீன்காரம்மாவின் எண் 466820. அப்படியானால் 468203 யார்?

சாரிடம் போய்க் கேட்டேன். "லெட்டர் போடச் சொல்லியிருக்கேன். தபால் போயிண்டிருக்கும்" என்றார். லேப் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பொன்னுத்தாய், போனக்காடு எஸ்டேட், கன்னத்தின் உட்புறம், புற்று உறுதி. முடிவு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். விதுரா தாண்டி மேலே ஏற ஏற பஸ்ஸில் தமிழ்தான் கேட்டது. தேயிலைத் தோட்டக்காரர்களின் லயத்து வீடுகளில் விசாரித்து அவளைக் கண்டுபிடித்தேன். நாற்பது வயது இருக்கும், கொழுந்து கிள்ளுகிறவள். கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரிசல்ட்டு கேக்க ஆசுபத்திரிக்கு வந்தீங்களாம்மா?"

"வந்தேனே. கவுண்டர்ல இருந்த சாரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு 'ஒண்ணும் இல்லல்லோ'ன்னாரு. ஒண்ணும் இல்லன்னு சொன்னப்பெறவு எதுக்கு நிக்கணும்? முருகனுக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டு பஸ் ஏறிட்டேன்."

அவர் சொன்னது, ரிப்போர்ட் எதுவும் வரவில்லை என்று. அவள் எடுத்துக்கொண்டது, நோய் எதுவும் இல்லை என்று. அவள் எண்ணில் இருக்க வேண்டிய முடிவு விழிஞ்ஞத்துக்காரியின் எண்ணில் இருந்தது.

"பெறவு ஏன் புண்ணு ஆறல்லன்னு கேக்கலையா?"

"நான்தான் வெத்தலைய விடலியே. அதனாலன்னு நெனச்சேன்."

மறுநாளே கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். நான்கு மாதத்தில் நோய் எலும்புக்கு ஏறியிருந்தது. கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். ஆறு வருஷம் உயிரோடு இருந்தாள், கஞ்சியும் தேயிலைத் தண்ணியுமாக. செக்கப்புக்கு வரும்போதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என்னைத் தேடி வந்து, ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொடுப்பாள். "நீ வரலேன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்பாள். அவள் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாது, எனக்குப் புரியும். அந்தத் தேயிலையை நான் ஒருநாளும் போட்டுக் குடித்ததில்லை.

பொன்னுத்தாயை வார்டில் சேர்த்த கையோடு இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதி, விசைச் சோதனையின் பிரிண்டை இணைத்து, சாரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"எத்தனை காப்பி எடுத்தே?"

"ஒண்ணுதான் சார்."

நான்காக மடித்துத் தன் தோல்பையில் வைத்தார். "கீபோர்டை மாத்திடு. ரிப்போர்ட் ஒண்ணும் வேண்டாம். இந்த மெஷினெல்லாம் சரியா இருக்குன்னு கையொப்பு போட்டவன் நானாக்கும். இன்னும் மெஷின் வரப் போறது. இந்த சமயத்திலே இதைக் கிளறப்படாது."

"ஜெயராணி சார்?"

"டெம்பரரி தானே. வேறே எங்கயாவது கிடைக்கும்."

கிடைக்கவில்லை. அனுபவச் சான்றிதழ் கேட்டுப் போனவளுக்கு அதுவும் தரவில்லை. ஆஸ்பத்திரியில் தப்பாக டைப் அடித்து ஒரு பொம்பளையின் தாடையை வாங்கியவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஊருக்குள் போயிருந்தது. இப்போது கரமனையில் இடியாப்பம் பிழிந்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறாள். வழியில் எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்வாள். "எனக்காட்டு எழுதினது நீங்க ஒருத்தர்தான் அக்கா" என்பாள். பிறகு ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "ஆனா ரெண்டு தடவ விழுந்தா சத்தம் வருமே. மத்த மெஷின்லயெல்லாம் வந்ததே. எனக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?"

நான் ஏதோ சொல்லி மழுப்புவேன். ஏனென்றால் என் ரிப்போர்ட்டில் விசையைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தேன், வயரைப் பிடுங்கியதை எழுதவில்லை.

இவ்வளவும் அந்த நீல நூலைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் வந்து நின்றது. சார் போஸ்டரை முடித்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"ஆயிடுமோ?"

"ஆகும் சார். விசிறி சுத்திடுச்சு. இன்னும் ஒரு நாள் வேலை."

"நன்னாச்சு. ஞாயித்துக்கிழமை பழைய ஆளுகளையெல்லாம் கூப்பிட்டிருக்கேன். டிவிக்காராளும் வரா."

"அதுக்கு முன்னாடி ஒரு காரியம் உண்டு. இந்தத் தகட்டை எடுக்கணும். அப்புறம் ஜெயராணி தப்பு செய்யல்ல, கீபோர்டுதான் பழுதுன்னு நாலு வரி எழுதி கையொப்பு போட்டுத் தரணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படியே அந்தக் காலத்துப் பார்வை. மேஜைக்கு முன்னால் நிற்க வைக்கும் பார்வை. இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் மனைவி லலிதா மாமி காபியோடு வந்தவள் கதவருகில் நின்றுவிட்டாள். "ஜெயராணின்னா ஆரு?" என்றாள்.

"ஆபீசிலே டெம்பரரியா ஒருத்தி இருந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல்: "கழிஞ்ச காரியத்தை இப்போ கிண்டினா ஆருக்கு என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் இப்போ சுகமா இருப்பா."

"சுகமா இருக்காளான்னு ஒரு தடவை போய்ப் பார்த்தீங்களா?"

"நான் ஒண்ணும் எழுதித் தரமாட்டேன், கேட்டியா. நான் கையொப்பு போட்டா நாளைக்கு அதைப் பேப்பர்ல போடுவா. எனக்கு எழுபத்தாறு வயசு. ஒரு சின்ன ரூம், நாலு பழைய சாமான். இதுலயும் நீ வந்து நிக்கணுமா?"

"பொன்னுத்தாயி இந்த மெஷின் வழியாத்தான் போனா சார். நீங்க இங்க 'ஒரு தவறும் இல்லை'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"சத்தத்தை நிறுத்தினது ஆரு?" என்றார் சட்டென்று. "கை வெச்சது ஆரு? நானா?"

முப்பது வருஷமாக அவருக்கும் அது மறக்கவில்லை. ரிப்போர்ட்டில் நான் எதை விட்டேன் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் மடித்துப் பையில் வைத்தார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்ற தைரியத்தில் இத்தனை காலம் நிம்மதியாக இருந்திருக்கிறார், அந்த தைரியத்தில்தான் என்னையே கூப்பிட்டுப் பழுதுபார்க்கவும் சொல்லியிருக்கிறார்.

"நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன். ரெண்டும் உண்மைதான் சார். நான் என் பங்கை எழுதப் போறேன். நீங்க உங்க பங்கை எழுதுங்க."

அவர் போஸ்டர் பக்கம் திரும்பி, ஒரு விளக்கின் கழுத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். மூடியைப் பூட்டி, திருப்புளிகளைப் பெட்டியில் அடுக்கினேன். மாமி என்னோடு கேட் வரைக்கும் வந்தாள்.

அரைகுறையாக நின்ற மெஷினுக்குள் எலக்ட்ரீஷியனை வைத்து சார் நீல விளக்குப் பட்டையை ஒட்டிவிட்டார். குழுவில் நீங்கள் எல்லாரும் இதயம் போட்டது அந்த விளக்குக்குத்தான். மெஷின் ஓடவில்லை. தகடு அப்படியே இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நன்றாகத் துடைத்து மினுங்க வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் கரமனையில் இருந்தேன். ஜெயராணியின் வீட்டு முன்கட்டில் ஆவி அடுப்பு அணைந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காராமல் கையில் இருந்த தாளை நீட்டினேன். ஒரே பக்கம், தமிழில், என் முழுப் பெயரோடும் வேலைப் பதவியோடும் எழுதியிருந்தேன். ஆறாம் எண் விசை பழுது என்பது முதல் பத்தி. சத்தம் போடும் வயரை மேலதிகாரி சொல்லி நான் பிடுங்கினேன், அதை அன்றைய ரிப்போர்ட்டில் எழுதவில்லை என்பது இரண்டாம் பத்தி. ஜெயராணியின்மேல் ஒரு தவறும் இல்லை என்பது மூன்றாவது.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மெதுவாகப் படித்தாள். இரண்டாம் பத்தியில் நின்றுவிட்டாள். அதையே திரும்பப் படித்தாள்.

"அப்போ சத்தமே வரல்ல" என்றாள்.

"வரல்ல."

"என் காதுதான் அடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன். சினிமாப் பாட்டு வாய்க்குள்ள மூளிக்கிட்டே அடிச்சதால கேக்கல்லன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் பாட்டு மூளறதையே விட்டாச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேக்கும்போதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அல்லே?"

"தெரியும்."

தெருவில் இடியாப்பம் எடுக்க வந்த ஓட்டல்காரர் வண்டியின் ஹாரனை அடித்தார். அவள் திரும்பவில்லை.

"அன்னைக்கு இதை எழுதியிருந்தா எனக்கு வேலை போயிருக்குமா?"

சார் ரிப்போர்ட்டை மடித்ததும், எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்ததும், நான் பயந்ததும் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. வயரைப் பற்றி எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை சர்ஜனிடமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். வயர் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்துதான் சாரோடு நிறுத்திக்கொண்டேன். சர்ஜன் கேட்டிருப்பார்.

"போயிருக்காது" என்றேன்.

ஜெயராணி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் கணக்கு எழுதும் பேனா இருந்தது. தாளை ஸ்டூலின்மேல் வைத்து, என் கையொப்பத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"செரி. அதையும் இங்க எழுதுங்க."

குனிந்து எழுதினேன்.